தனியாக இணையதளம் வடிவமைக்கும் தொழிலில் 20 ஆண்டுகள் நிலைக்க முடியுமா? நுட்பங்கள் மாறிக்கொண்டே இருந்தால் எப்படிச் சமாளிப்பது?

முடியும். 2004 முதல் கோயம்புத்தூரில் எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்குச் சேராமல் இந்த ஒரு வேலையைத்தான் செய்துவருகிறேன். பம்ப்செட் தயாரிப்பாளர்கள், நூற்பாலைகள், பல் மருத்துவர்கள் என வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்.

தொடங்கிய காலத்தில் பக்கத்தை அட்டவணைக் கட்டங்களாக வெட்டித்தான் அடுக்குவோம். பெட்டியின் முனைகள் வளைவாக இருக்க மூலைக்கு ஒன்றாக நான்கு படங்கள் வேண்டும். பிறகு, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், பெட்டிகளை இடமோ வலமோ ஒதுக்கி நிறுத்தும் ஃப்ளோட் முறைக்கு மாறினோம். அதில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 என்ற உலாவி சில இடங்களில் மார்ஜினை, அதாவது பெட்டியைச் சுற்றி விடும் இடைவெளியை, இரட்டிப்பாக்கிவிடும். என் கணினியில் ஃபயர்பாக்ஸில் ஒழுங்காக நின்ற பக்கம், வாடிக்கையாளரின் அலுவலகத்தில் சரிந்து கிடக்கும். அந்தப் பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.

2010-ல் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு பற்றி எழுதினார். ஒரே பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்ப மாறவேண்டும் என்ற எண்ணம் அதன்பின் பரவியது. 2017 மார்ச்சில், பக்கத்தை வரிசைகளாகவும் பத்திகளாகவும் பிரித்து அடுக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட் வசதி குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துசேர்ந்தது. அதுவரை சேர்த்துவைத்திருந்த குறுக்குவழிகளில் பாதியை அந்த ஆண்டே கைவிட்டேன்.

ஆனால் என் வேலைமுறையை உண்மையில் மாற்றியது தமிழ் எழுத்துதான். 2013-ல் ஒரு பம்ப்செட் நிறுவனத்துக்குத் தமிழில் தளம் கேட்டார்கள். வழக்கம்போல ஆங்கில மாதிரி உரையை நிரப்பி வடிவமைத்து ஒப்புதலும் வாங்கிவிட்டேன். தமிழைப் போட்டதும் எல்லாம் குலைந்தது. 'என்கொயரி' என்று இருந்த பொத்தானில் 'விலை விவரம் கேட்க' என்பது இரண்டு வரியாக உடைந்தது. மெனு இரண்டு வரிசையானது. எழுத்தைச் சிறிதாக்கி ஒருவழியாக அடக்கினேன். நிறுவனத்தின் பெரியவர் தன் போனில் பார்த்துவிட்டு, "தம்பி, இதைப் படிக்கப்போகிறவர் விவசாயி. எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. முழுவதையும் மீண்டும் செய்தேன்.

அன்றிலிருந்து உரை கைக்கு வராமல் வரையத் தொடங்குவதில்லை. மிக நீளமான தமிழ்ச் சொல்லை முதலில் வைத்துப் பார்க்கிறேன். பொத்தானுக்கு நிலையான அகலமோ உயரமோ கொடுப்பதில்லை. மேலே கொக்கியும் புள்ளியும் கீழே சுழியும் இடிக்காமல் இருக்க வரி உயரம் எழுத்தளவைப் போல 1.7 மடங்காவது வேண்டும். தமிழுக்குச் சாய்வெழுத்து ஒட்டாது. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட நிறத்தையோ தடிமனையோ பயன்படுத்துகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, பாதித் தொகை முன்பணமாக வராமல் வேலை தொடங்குவதில்லை. தளத்தின் முகவரியை எப்போதும் வாடிக்கையாளர் பெயரிலேயே பதிவுசெய்கிறேன். முன்பு வடிவமைத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு வெளிநாடு போனதால், பெட்டிகளிலெல்லாம் அச்சிட்ட முகவரியை இழந்து என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. அவருடைய முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

புது நுட்பங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையை ஒதுக்கியிருக்கிறேன். இப்போது பழகுவது கன்டெய்னர் க்வெரி. திரையின் அளவை விட்டு, தான் இருக்கும் பெட்டியின் அளவைப் பார்த்து ஒரு பகுதி மாறும் முறை அது. சென்ற மாதம் அதே பம்ப்செட் நிறுவனத்தின் தளத்தை இப்படிப் புதுப்பித்தேன். 'விலை விவரம் கேட்க' சிறிய போனிலும் ஒரே வரியில் நிற்கிறது.