பள்ளி தரும் வீடு: வெளிநாடு போகும் ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

வளைகுடாவுக்கோ மாலத்தீவுக்கோ ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வீட்டைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும் ஏனோ கூச்சப்படுகிறார்கள். பள்ளி தரும் வீடும் உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதிதான். அதைப் பற்றி விவரமாகக் கேட்பது உங்கள் உரிமை. சமீபத்தில் வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

துபாயில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் 'இலவச ஷேரிங் அக்காமடேஷன்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எப்படிப்பட்ட வீட்டை எதிர்பார்க்கலாம் மேடம்?
*— ஆசிரியை, நாமக்கல்*

உங்களுக்கென்று தனி அறை கொடுத்தாலும் அந்த வரி பொருந்தும், ஒரு அறையில் மூன்று கட்டில் போட்டாலும் பொருந்தும். அதனால்தான் அந்த ஒரு வரியோடு விட்டுவிடக் கூடாது.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் தனியாக வரும் ஆசிரியைகளுக்குப் பொதுவாகக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று படுக்கையறை உள்ள ஒரு ஃபிளாட். அறைக்கு இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர். சமையலறை எல்லோருக்கும் பொது. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, பாத்திரம் வைக்க ஆளுக்கு ஒரு அலமாரி. காலையில் பள்ளி பஸ் ஆறு மணிவாக்கில் வாசலுக்கு வந்துவிடும். நான்கு பேருக்கு ஒரு பாத்ரூம் என்றால் முதல் ஆள் நாலரைக்கே எழுந்தாக வேண்டும். எத்தனை அறை என்று கேட்பவர்கள் எத்தனை பாத்ரூம் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். அங்கே போன பிறகு தினமும் மல்லுக்கட்டப் போவது அதோடுதான்.

பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அறையில் எத்தனை பேர், பாத்ரூம் எத்தனை பேருக்குப் பொது, கட்டில், மெத்தை, பூட்டு போடும் பீரோ உண்டா, கரண்ட், தண்ணீர், கேஸ், இன்டர்நெட் செலவு யாருடையது, ஏ.சி. பில் தனியா, பள்ளிக்குப் போய்வர பஸ் உண்டா என்றெல்லாம் கேளுங்கள். துபாயில் சில கட்டடங்களில் ஏ.சி.க்கான குளிர்நீரை வெளி நிறுவனம் தருவதால் 'சில்லர்' பில் தனியாக வரும். ஜூலை மாதத்தில் அதைப் பார்த்தால் பகீரென்று இருக்கும். போனில் சொன்ன பதில் போதாது. மின்னஞ்சலில் எழுத்தாக இருக்க வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள்: "இப்போது அந்த வீட்டில் தங்கியிருக்கும் ஒரு ஆசிரியையின் நம்பர் தர முடியுமா?" நல்ல பள்ளிகள் தயங்காமல் தருகின்றன. மறுத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான். நம்பர் கிடைத்தால் சாயங்காலம், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீடியோ கால் போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது, பள்ளி அனுப்பும் எந்தப் போட்டோவிலும் தெரியாது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் (2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம், 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளி உரிமம் பெற்ற, தகுந்த தங்குமிடம் தர வேண்டும். இல்லையென்றால் அதற்கான பணத்தைத் தனியாகவோ சம்பளத்தில் சேர்த்தோ தர வேண்டும். அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில் அரபு, ஆங்கிலத்தோடு மூன்றாவதாக ஒரு மொழியையும் கேட்டு வாங்கலாம். அந்தப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவராக இருந்தாலும் தமிழில் ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் அப்பா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம்.

நான் சுத்த சைவம். கூட இருப்பவர்கள் மீன் சமைத்தால் என்ன செய்வது?
*— ஆசிரியை, கும்பகோணம்*

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல பள்ளிகளில் சைவம் சாப்பிடுபவர்களை ஒரே ஃபிளாட்டில் போட முயற்சி செய்கிறார்கள். இடம் இல்லையென்றால் தனிப் பாத்திரம், தனி அடுப்பு முனை என்று முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். மூன்று மாதம் முகம் சுளித்துவிட்டு அப்புறம் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். வெளிநாட்டில் காய்ச்சல் வந்து படுத்தால் கஞ்சி வைத்துத் தரப்போவது அந்த மீன் குழம்பு வைத்த டீச்சராகத்தான் இருக்கும்.

பள்ளி வீடு வேண்டாம் என்றால் மாதம் 1,000 திர்ஹாம் வாடகைப்படி தருகிறார்களாம். எது லாபம்?
*— கணித ஆசிரியர், மதுரை*

தனி ஆளாக, முதல்முறை போகிறீர்கள் என்றால் பள்ளி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கு இதுதான்.

துபாயில் வாடகையை ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். அதை ஒன்று, இரண்டு, நான்கு என்று பின்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுக்க வேண்டும். ஒரு சின்ன ஃபிளாட் ஆண்டுக்கு 40,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு காசோலை என்றால் முதலாவது 10,000. புரோக்கர் கமிஷன் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 2,000. பொருட்கள் இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் இன்னொரு 5 சதவீதம், 2,000. துபாயின் மின்சார, குடிநீர் ஆணையமான 'தேவா'வில் கட்டும் டெபாசிட் 2,000. ஆக, முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே 16,000 திர்ஹாம் வேண்டும். கட்டில், மெத்தை, அடுப்பு எல்லாம் இதற்குமேல். ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் தேவா பில்லோடு சேர்ந்து வரும். உங்களுக்குக் கிடைக்கும் படியோ ஆண்டுக்கு 12,000.

எனவே படி வாங்குகிறவர்கள் கடைசியில் பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் போடும் இடம் மட்டும் வாடகைக்குத் தேடித்தான் போகிறார்கள். ஒரே ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து நான்கு பேருக்கு வாடகைக்கு விடும் பார்ட்டிஷன் அறைகள் சட்டவிரோதம். 2025 ஜூனில் துபாய் நகராட்சி இவற்றின்மீது பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது. தீப்பிடித்தால் வெளியே ஓட வழியில்லாத அறைகள் அவை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அங்கே போகாதீர்கள்.

படி லாபமாகும் சந்தர்ப்பமும் உண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அங்கே குடும்பத்தோடு இருந்து, அவர்களுடன் நீங்கள் தங்க முடியுமென்றால் படியை வாங்குங்கள். அப்போதும் உங்கள் பெயர் அந்த வீட்டின் 'இஜாரி' என்னும் அரசு வாடகை ஒப்பந்தப் பதிவில் உடன் தங்குபவராக இருக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். வீட்டுப்படி அதில் சேராது. முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளம் 3,000 என்றால் ஐந்து ஆண்டுக்கு 10,500 திர்ஹாம். படியைக் கூட்டி அடிப்படையை 2,000 ஆகக் குறைத்துவிட்டால் 7,000தான். படி எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், அதை எதிலிருந்து எடுத்துத் தருகிறார்கள் என்று பாருங்கள்.

கணவரையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொள்ள முடியுமா?
*— ஆங்கில ஆசிரியை, திருநெல்வேலி*

அமீரகத்தில் பெண்களும் குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்யலாம். மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் என்பது அடிப்படை விதி. ஆனால் சிக்கல் வீட்டில்தான் வரும். மற்ற ஆசிரியைகளோடு தங்கும் ஃபிளாட்டில் கணவரைத் தங்கவைக்க முடியாது. விருந்தாளியாகக்கூடப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. குடும்ப விசாவுக்கு உங்கள் பெயரில் வாடகைப் பதிவு கேட்பார்கள். ஆகவே 'குடும்ப வீடு தருவீர்களா, எப்போதிலிருந்து, மகளுக்குப் பள்ளிக் கட்டணத்தில் சலுகை உண்டா' என்ற மூன்றையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள். முதல் ஆண்டு தனியாகப் போய், இரண்டாம் ஆண்டில் குடும்பத்தை அழைப்பதுதான் பெரும்பாலானோருக்குச் சரிப்பட்டு வருகிறது. மகளைப் பிரிந்திருக்கும் அந்த ஓராண்டு கடினமானது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

சவூதி என்றால் கணக்கு வேறு. அங்கே உடன் இருக்கும் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு.

மாலத்தீவில் ஒரு தொலைதூரத் தீவுப் பள்ளியில் வேலை. வீடு இலவசம் என்கிறார்கள். போகலாமா மேடம்?
*— இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்*

போகலாம் தம்பி, என்ன மாதிரி இடம் என்று தெரிந்துகொண்டு போங்கள். வளைகுடாவின் அடுக்குமாடி வாழ்க்கை இங்கே கிடையாது. தீவில் ஒரு உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய அறையோ, பள்ளி வாடகைக்கு எடுத்த சின்ன வீடோ கிடைக்கும். ஊர் முழுக்க நடந்தே சுற்றிவிடலாம். மக்கள் வாத்தியார்களை மரியாதையாக நடத்துவார்கள்.

தண்ணீரைப் பற்றி முதலில் கேளுங்கள். பவளத்தீவு மண்ணில் நிலத்தடி நீர் உவர்ப்பு. பல தீவுகளில் மழைநீரைத் தொட்டியில் சேமித்துத்தான் குடிக்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறையும்போது தட்டுப்பாடு வரும். வீட்டுக்குத் தனித் தொட்டி உண்டா, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அந்தத் தீவில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்புறம் காய்கறி. எல்லாமே தலைநகர் மாலேயிலிருந்து படகில் வர வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகு வராது, கடையில் வெங்காயம்கூட இருக்காது. சூரை மீனுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. நம் தென்கடலோர ஊர்களில் சம்பலுக்குப் போடும் மாசிக்கருவாட்டின் தாயகம் அதுதானே! பருப்பு, புளி, மசாலா எடுத்துப் போங்கள். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகத் தடை உண்டு, பெட்டியில் வைக்காதீர்கள்.

வீடு இலவசம், சம்பளம் முழுக்க மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் டாலர் தட்டுப்பாட்டை மறந்துவிடுகிறார்கள். சம்பளம் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில் வந்தால் அதை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும். மாலேயில் 1974 முதல் ஸ்டேட் பாங்க் இருக்கிறது, ஆனாலும் மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு உண்டு. அது அடிக்கடி மாறுகிறது. இன்றைய வரம்பு என்ன என்பதை அங்கே வேலை செய்யும் யாரிடமாவது கேட்டுக்கொண்டு, அதன்பிறகு ஊரில் கடன் தவணையை முடிவு செய்யுங்கள்.

இரவு ஒன்பது மணிக்குள் வர வேண்டும் என்று பள்ளி விடுதியில் விதி வைக்கலாமா?
*— ஆசிரியை, கோயம்புத்தூர்*

வைக்கிறார்கள். பெண்கள் தங்கும் பள்ளி வீடுகளில் வார்டன், வருகைப் பதிவு, வெளியூர் போக எழுத்து அனுமதி எல்லாம் உண்டு. பாதுகாப்புக்கு என்று சொல்வார்கள். வயதுவந்த, படித்த பெண்களைப் பள்ளி மாணவிகள்போல நடத்துவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் கையெழுத்துப் போட்டபின் அதை மாற்றுவது கடினம். விதிமுறைத் தாளை முன்பே கேட்டு வாசியுங்கள். கோடை விடுமுறையில் அந்த வீட்டில் தங்கலாமா என்பதும் அதில்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பள்ளி என்றால், ஊருக்குப் போகாத ஆண்டில் எங்கே தங்குவீர்கள் என்று யோசித்து வையுங்கள்.

வேலையை விட்டால் உடனே வீட்டை விட்டு வெளியேற்றிவிடுவார்களா?
*— பெயர் வேண்டாம், ஷார்ஜா*

அமீரகச் சட்டப்படி, வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முதலாளி சம்மதித்தால், செலவைக் கொடுத்தோ எழுத்து ஒப்பந்தப்படியோ அதற்குப் பிறகும் தங்கலாம். ராஜினாமா கொடுத்த அன்றே சாமானை வெளியே வைக்கிறேன் என்று யாராவது மிரட்டினால் இந்த விதியைக் காட்டுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளவும் முதலாளிக்கு உரிமை கிடையாது. அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். இந்தியர்களுக்கென்று துபாயில் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற உதவி மையம் இருக்கிறது, இலவச எண் 800 46342.

சகோதரி, உங்கள் கடிதத்தில் பயம் தெரிகிறது. ராஜினாமாவை எழுதுவதற்கு முன் ஒரு மாத வாடகைக்கும் விமான டிக்கெட்டுக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள், சான்றிதழ்களை நம்பிக்கையான தோழி வீட்டில் வையுங்கள். அதற்குப் பிறகு கடிதம் கொடுங்கள்.

'வீட்டு டெபாசிட்' என்று ஏஜென்ட் 60,000 ரூபாய் கேட்கிறார்.
*— ஆசிரியர், விழுப்புரம்*

கொடுக்காதீர்கள். பள்ளி தரும் வீட்டுக்கு ஏஜென்ட் டெபாசிட் வாங்க எந்தக் காரணமும் இல்லை. இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். 'முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்றாலும் விலகிவிடுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம்?
*— ஆசிரியை, தஞ்சாவூர்*

படுக்கை விரிப்பு இரண்டு, சின்ன குக்கர், மூன்று பின் சதுர பிளக்குக்கு அடாப்டர், ஒரு பூட்டு. மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் துபாயில் கராமா, பர் துபாய் பக்கம் கிடைக்கும், சுமக்க வேண்டாம். கசகசா மட்டும் ஒரு பொட்டலம்கூட வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. அம்மா அரைத்துக் கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அது அங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் முன் அனுமதி வாங்குங்கள். மருத்துவர் சீட்டையும் கையில் வைத்திருங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன் மெத்தையைத் தூக்கித் தையல் ஓரங்களைப் பாருங்கள். மூட்டைப்பூச்சி இருந்தால் அங்கேதான் இருக்கும். சுவர், ஏ.சி., கதவுப் பூட்டு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்து அன்றே பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது சேதம் என்று பணம் பிடித்தால் காட்ட ஆதாரம் இருக்கும்.