மரிக்கொழுந்துப் பாசியும் கப்பாபைகஸும்

கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் முங்கி எடுக்கும் பாசிகளில் ஒன்றுக்கு ஒரு விலையும் மற்றொன்றுக்கு வேறு விலையும் தரப்படுவது ஏன்?
— வாசகி, இராமநாதபுரம்

பதில்: கரையில் உலர்த்தும்போது ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு பாசியும் தன் உடலில் சேர்த்து வைக்கும் பொருள் வேறு. பாம்பன் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் உள்ளன. அவற்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. இத்தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த பவளத் திட்டுகளில், அலை அடிக்கும் இடத்தில், இறந்த பவளக் கற்களைப் பற்றிக்கொண்டு வளர்வது மரிக்கொழுந்துப் பாசி. அதிலிருந்து கிடைக்கும் அகார் என்னும் கூழ்ப்பொருள் உறுதியாக உறைவதால் நுண்ணுயிர் ஆய்வகங்கள் அதனை விரும்புகின்றன. மெதுவாக வளர்வதும் அதன் மதிப்பைக் கூட்டுகிறது. கஞ்சிப்பாசியின் அகாரில் கந்தகக் கூறு மிகுதி என்பதால், காரத்தில் பக்குவப்படுத்திய பின் அது பெரும்பாலும் உணவுத் தொழிலுக்கே செல்கிறது. கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்பு இனங்கள். அவற்றிலுள்ள ஆல்ஜினேட் என்னும் பசைப்பொருள் துணிகளில் சாயம் அச்சிடவும் ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தவும் பயன்படுகிறது.

விற்பனைக்கு வராத பாசிகளையும் மறந்துவிடலாகாது. ஹாலிமீடா என்னும் சுண்ணப்பாசி மடிந்து உதிரும்போது தீவுகளுக்கு மணலாகிறது. கல்மேல் படர்ந்து இறுகும் இளஞ்சிவப்புப் பாசியோ உடைந்த பவளத் துண்டுகளைப் பிணைத்துத் திட்டைத் தாங்குகிறது. விலைப்பட்டியலில் இடம்பெறாத இவையே விலையுள்ள பாசிகளுக்கு நிற்க இடம் தருகின்றன என்பதால், திட்டின் பொருளாதார மதிப்பைக் கணக்கிடுவோர் இவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கப்பாபைகஸ் என்னும் சிவப்புக் கடற்பாசியின் வளர்ப்பு பலருக்கு வருமானம் தரும்போது, அதை எதிர்ப்பது நியாயமா?
— வாசகர், தொண்டி

பதில்: வருமானம் உண்மையானது. மூங்கில் மிதவையில் கட்டிய துண்டுகள் ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வருகின்றன. அதிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்னும் கெட்டியாக்கும் பொருளுக்கு உலகச் சந்தையும் இருக்கிறது. ஆனால் அது நம் கடலுக்குரிய இனம் அன்று. மிதவையிலிருந்து ஒடிந்து செல்லும் சிறு துண்டும் புதிதாக வளரக்கூடியது. 2008-இல் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின்மேல் அது படர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அவ்வாறு மூடப்பட்ட பவளத்திற்கு ஒளி கிடைக்காததால், அதனுள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகளின் வேலை நின்றுவிடுகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் வெளிறிய பவளங்கள் மீண்டு வரவேண்டிய கடல் இது. அங்கே இன்னொரு சுமையை ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன். எனவே முழுத் தடையைக் கேட்பதைவிட, பவளத் திட்டுகளிலிருந்து விலகிய இடங்களில் மட்டும் அதனை அனுமதித்து, கஞ்சிப்பாசி போன்ற நம் இனங்களின் வளர்ப்புக்கு அரசு கூடுதலாகச் செலவிடுவதே பொருத்தமானது.

இயற்கையாக வளரும் பாசியை எடுப்பதிலும் முறை உண்டு. மரிக்கொழுந்துப் பாசியின் அடிப்பகுதியைக் கல்லில் விட்டு நுனியை மட்டும் கையால் பறித்தால் அது மறுபடி தழைக்கும். இரும்புக் கருவியால் சுரண்டினால் கல்லே வெறுமையாகிவிடும். பாம்பன் அருகேயுள்ள சின்னப்பாலம் பெண்கள் மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். அவ்வூரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காக்கும் அமைப்பான சீகாலஜியின் விருது வழங்கப்பட்டது. 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளின் அருகே செல்ல, வனத்துறையின் தடையால் அஞ்சும் இப்பெண்களைப் பூங்காவின் மேலாண்மைத் திட்டத்தில் பங்காளிகளாகச் சேர்த்து, எந்தத் திட்டில் எந்த மாதம் பறிக்கலாம் என்பதை அவர்களோடு அமர்ந்து முடிவு செய்யும் ஏற்பாடு உடனடியாகத் தேவை.