ஸ்கிப்டனுக்குக் குடிபோகிறோம், கார் இல்லை. குழந்தைகளோடு வெளியே போய்வர அங்கே என்ன இருக்கிறது?

ஏப்ரல் கடைசியில் வருகிறீர்கள், பிள்ளைகளுக்கு 5 வயதும் 9 வயதும், முதல் வருடம் கார் வாங்கப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "சின்ன ஊராம், சனி ஞாயிறு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதுதானா?" என்பது உங்கள் கவலை. அப்படி இல்லவே இல்லை. வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் உள்ள இந்த ஸ்கிப்டனில் நான் 6 வருடமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் எங்களிடமும் கார் கிடையாது. இந்த ஊரை நான் அதிகம் பார்த்தது அந்த இரண்டு வருடத்தில்தான்.

முதல் குளிர்காலத்தை மட்டும் வீணாக்கிவிட்டோம். நவம்பரில் வந்து இறங்கினோம். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நல்ல இடமெல்லாம் தூரத்தில், கார் உள்ளவர்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு மகளை மடியில் வைத்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மே மாதம் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் கதவைத் தட்டி, "செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வா" என்று கூட்டிப்போனார். கால் மணி நேரம் நடந்திருப்போம். கோட்டைக்குப் பின்னால் ஒரு காடு. தரையே தெரியாமல் நீலமாய் புளூபெல் என்ற காட்டுப்பூ பூத்திருந்தது, காற்றெல்லாம் காட்டுப் பூண்டுச் செடியின் வாசனை. ஆறு மாதமாக இத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

வந்ததும் முதலில் ஒரு வரைபடம் வாங்குங்கள். ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம் வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு. அதில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள் இருக்கும். அவை பொதுவழிகள். நிலம் ஒரு விவசாயிக்குச் சொந்தமாக இருக்கலாம், நடுவில் அவர் ஆடு மேயலாம், ஆனால் அந்தக் கோட்டின் மேல் நடந்துபோக யாருக்கும் உரிமை உண்டு. அவர் வாசலை ஒட்டியே வழி போனாலும் தடுக்க முடியாது. 1949ஆம் ஆண்டு வந்த சட்டம் ஒன்றின்படி நாடு முழுக்க இந்த வழிகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றினார்கள். 2000ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் வந்து, மேட்டுநிலங்களில் பெரும்பகுதியில் வழியை விட்டு விலகியும் நடக்கலாம் என்று ஆனது. எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். வந்த புதிதில் அடுத்தவர் வயலில் கால் வைக்கவே கூசும். மஞ்சள் அம்புக்குறி தெரிந்தால் தயங்காமல் போங்கள், அது நடப்பவர்களுக்கான வழி. நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் கூட வரும்.

கேட் மூடியிருந்தால் தாண்டியபின் மூடிவிட வேண்டும், திறந்திருந்தால் அப்படியே விட வேண்டும். நீங்கள் வரும் நேரம் ஆடுகள் குட்டி போடும் காலம். தனியாக நிற்கும் குட்டியைப் பிள்ளைகள் தொடப்போவார்கள், விடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் நிற்கும். மாடு விஷயம்தான் நம்மவர்களுக்கு முக்கியம். வீட்டு வாசலில் கட்டிய மாட்டைத் தடவி வளர்ந்தவர்கள் நாம். இங்கே வயலில் விட்ட மாடுகள் மனிதர் கைப்பட்டு வளர்ந்தவை அல்ல. கன்றோடு இருந்தால் துரத்தும், முட்டும். மந்தைக்கு நடுவே போகாமல் சுற்றிப் போங்கள்.

இனி ஊரைப் பற்றி. ஸ்கிப்டன் என்ற பெயருக்கே ஆட்டு ஊர் என்றுதான் பொருள். ஹை ஸ்ட்ரீட்டில் திங்கள், புதன், வெள்ளி, சனி நாலு நாளும் சந்தை கூடும். கடைகளுக்கு முன்னால், கல் பாவிய தரையில் கூடாரம் போட்டு விற்பார்கள். தெருவின் மேல்கோடியில் கோட்டை நிற்கிறது. 1090 வாக்கில் ராபர்ட் டி ரோமிலி என்ற நார்மன் பிரபு தொடங்கியது, 1310இலிருந்து கிளிஃபர்டு குடும்பத்தின் கைக்கு வந்தது. மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மூன்று வருடம் முற்றுகையைத் தாங்கி 1645 டிசம்பரில்தான் பணிந்தது. பிறகு அதைப் பழுதுபார்த்து எழுப்பியவர் லேடி ஆன் கிளிஃபர்டு, அதே கோட்டையில் 1590இல் பிறந்தவர். உள்முற்றத்தில் அவர் 1659இல் நட்ட யூ மரம் இன்றும் நிற்கிறது. நுழைவாயிலுக்கு மேலே கல்லிலேயே செதுக்கிய பெரிய எழுத்துகளில் 'தெசொர்மே' என்ற பிரெஞ்சுச் சொல் இருக்கும். 'இனிமேல்' என்று அர்த்தம். உள்ளே போகக் கட்டணம் உண்டு. ஒரு முறை போனால் போதும், ஆனால் அந்த ஒரு முறை அவசியம் போங்கள். இருட்டுப் படிக்கட்டும் நிலவறையும் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சாகும்.

கோட்டையை ஒட்டியே கால்வாயின் சின்னக் கிளை ஒன்று போகிறது, அரை மைல் நீளம்கூட இராது. பக்கத்துக் கிராமமான எம்ப்சேயின் குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றுவதற்காக வெட்டியது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ஓடை, தலைக்கு மேலே கோட்டையின் பாறை. அந்தப் பாதையில் நேரே போனால் பாட்டி என்னைக் கூட்டிப்போன ஸ்கிப்டன் காடு வந்துவிடும். உட்லண்ட் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது, கட்டணம் எதுவும் இல்லை. புளூபெல்லைப் படம் எடுக்கப் பாதையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். மிதிபட்ட செடி தேறப் பல வருடம் பிடிக்கும், கிழங்கைத் தோண்டுவது சட்டப்படி குற்றம்.

பெரிய கால்வாய், லீட்ஸையும் லிவர்பூலையும் இணைப்பது, 127 மைல். 1770இல் தொடங்கி 1816இல்தான் முடித்தார்கள். ஸ்கிப்டனிலிருந்து பிங்லி வரையான துண்டுதான் முதலில், 1773இல், திறந்தது. அந்நாளில் குதிரை படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைப்பாதையில்தான் இன்று நாம் நடக்கிறோம். மேடு பள்ளம் இல்லை, சின்னவனுக்குச் சைக்கிள் பழக்க இதைவிட நல்ல இடம் கிடையாது (தண்ணீர்ப் பக்கம் நீங்கள் நடக்க வேண்டும்). கார்கிரேவ் கிராமம் வரை மேற்கே சுமார் 5 மைல். வழியில் பாலத்தையே கதவு போலத் தள்ளித் திறந்து படகை விடுவார்கள். பெரியவள் ஒரு கை கொடுக்கட்டும், படகுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். கார்கிரேவில் லாக் என்ற கதவு போட்ட தொட்டி ஒன்றில் தண்ணீரை ஏற்றிப் படகை உயர்த்துவதை உட்கார்ந்து பாருங்கள். திரும்பி நடக்க வேண்டாம், ரயில் இருக்கிறது. ஆனால் ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் ஓடியாட ஏர்வில் பார்க் போதும். விளையாட்டுத் திடல், ஸ்கேட் தளம், சைக்கிளுக்கு மேடு பள்ளமாக அமைத்த பம்ப் டிராக், பக்கத்திலேயே நீச்சல் குளம். மழை ஓயாத நாளில் டவுன் ஹாலில் உள்ள கிரேவன் அருங்காட்சியகம் போகலாம், இலவசம். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டு முதல் தொகுப்புப் பிரதி ஒன்று அங்கே காட்சிக்கு இருக்கிறது.

ஊருக்கு வெளியே போல்டன் ஆபி. கார் இல்லாதவர்களுக்கு அங்கே போகும் வழியே ஒரு கொண்டாட்டம். எம்ப்சே வரை இரண்டு மைல் நடந்து, அங்கிருந்து பழைய நீராவி ரயிலில் போல்டன் ஆபி ஸ்டேஷன், பிறகு ஒன்றரை மைல் நடை. ரயில் எல்லா நாளும் ஓடாது, அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள். வார்ஃப் ஆற்றங்கரையில் மடாலத்தின் இடிபாடு. எட்டாம் ஹென்றி மன்னர் மடாலங்களை மூடியபோது இதுவும் மூடப்பட்டது. ஒரு பாதி கூரையில்லாமல் வானம் பார்க்க, மறுபாதியில் இன்றும் ஞாயிறு வழிபாடு நடக்கிறது. ஆற்றைக் கடக்க ஐம்பது அறுபது கல் வரிசையாய்ப் போட்டிருக்கிறார்கள். கோடையில் தண்ணீர் குறைந்திருக்கும்போது பிள்ளைகள் அதை விட்டு வரவே மாட்டார்கள். மணல் கரை உண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து கரையோடு மேலே நடந்தால் ஸ்ட்ரிட் வரும். இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அகலமாய் ஓடிவந்த ஆறு அந்த இடத்தில் இரண்டு பாறைக்கு நடுவே திடீரென்று குறுகிவிடும். எட்டி ஒரு தாண்டு தாண்டிவிடலாம் என்று பெரியவர்களுக்கே தோன்றும். ஆறு சிறுத்துவிடவில்லை, அத்தனை தண்ணீரும் ஆழத்துக்குள் இறங்கி ஓடுகிறது. பாறை அடியில் குடைந்து கிடக்கிறது, மேலே பாசி. விழுந்தவரை நீர் பாறைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். பல உயிர் போன இடம். கோட்டை கட்டிய ரோமிலி குடும்பத்தின் வாரிசுப் பையன் ஒருவன் வேட்டைநாயோடு இங்கே தாண்டப்போய் இறந்தான், அந்தத் துக்கத்தில்தான் தாய் மடாலத்துக்கு நிலம் கொடுத்தாள் என்று ஒரு பழங்கதை உண்டு. கதை எப்படியோ, நான் போனபோதெல்லாம் மகளின் கையை விடவில்லை. உங்கள் இரண்டு பேரில் ஒருவராவது கை மீறி ஓடும் பிள்ளை என்றால் ஸ்ட்ரிட் வரை போகவே வேண்டாம், படிக்கல்லோடு திரும்பிவிடுங்கள்.

மாலம் கிராமத்துக்குப் போக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பஸ் ஒரு சிலதுதான், கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு முறை தவறவிட்டு, தூங்கிப்போன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்ஸிக்குக் காத்து நின்றோம். முதலில் ஓடையோரமாக ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி, பிறகு கார்டேல் ஸ்கார் பள்ளத்தாக்கு, கடைசியில் மாலம் கோவ். கோவ் என்பது வில் போல வளைந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர், 80 மீட்டர் உயரம். பனியுகம் முடியும்போது பனி உருகிய வெள்ளம் அருவியாய் விழுந்த இடம். பிறகு தண்ணீர் பாறைக்குள் வழி கண்டு போய்விட்டதால் வறண்டு நிற்கிறது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் கொட்டியபோது மட்டும் மறுபடி அருவி விழுந்தது. ஊரில் வயதானவர்களே அதற்கு முன் பார்த்ததில்லை என்றார்கள். வசந்தத்தில் அந்தச் சுவரில் பைரி என்ற வேட்டைப்பறவை கூடு கட்டும். பக்கவாட்டில் 400 படி ஏறினால் மேலே வெடித்த பாறைத்தளம், பிளவுகளுக்குள் பெரணி முளைத்திருக்கும். ஈரமாக இருந்தால் அது கண்ணாடி மாதிரி வழுக்கும். மழைநாளில் 5 வயதுப் பிள்ளையை மேலே ஏற்றாதீர்கள், அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாலே மனசு நிறையும். அந்த ஊருக்குக் கீழேதான் ஏர் ஆறு ஊற்றெடுக்கிறது. ஸ்கிப்டன் ஓரமாகப் போய் லீட்ஸ் நடுவே ஓடும் அதே ஆறு.

வீட்டிலிருந்தே நடந்து ஒரு குன்று ஏற ஆசை வந்தால் எம்ப்சே கிராக், 371 மீட்டர். ஏரிக்கரை வழியாக ஏற வேண்டும், மூச்சு வாங்கும். ஆகஸ்டில் மேலெல்லாம் ஹெதர் என்ற புதர்ச்செடி பூத்து ஊதாவாய்க் கிடக்கும். பெரணிப் புதரில் புரண்டு வந்தால் அன்று ராத்திரியே பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

துணிமணி விஷயத்தில் ஒன்று. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, உடம்பைக் குளிராக்கும். மழைக்கோட்டும் மழை பேண்ட்டும் நால்வருக்கும் வேண்டும், புதிதாக வாங்க அவசியம் இல்லை. ஹை ஸ்ட்ரீட் தர்மக்கடைகளில் பிள்ளைகள் வளர்ந்து கொடுத்துவிட்டுப் போன நல்ல ஷூவும் கோட்டும் கிடைக்கும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். கணவர் வேலை முடிந்து வந்து சாப்பிட்டபிறகுகூடக் கால்வாய்க்கரையில் ஒரு நடை போகலாம்.

நீங்கள் ஏப்ரல் கடைசி என்று சொன்னதில்தான் எனக்குச் சந்தோஷம். புளூபெல் அப்போது பூக்கத் தொடங்கும், மே நடுவுக்குப் பிறகு வாடிவிடும். பெட்டிகளைப் பிரித்து அடுக்கியபின் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். வந்த முதல் மழையில்லாத மாலையில் கோட்டைக்கு இடப்பக்கம் கால்வாய்க் கிளையைப் பிடித்து நடங்கள், பூண்டு வாசனை வரும் வரை.