போட் மெயில் டிக்கெட்: தேதி அழிந்திருந்தால் காலத்தை எப்படிக் கணிப்பது?

கேள்வி: உச்சிப்புளியில் எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய அட்டை டிக்கெட் கிடைத்தது. 'தனுஷ்கோடி பியர்', 'தலைமன்னார் பியர்' (பியர் என்றால் கப்பல்துறை) என்ற பெயர்கள் தெரிகின்றன, தேதி தெரியவில்லை. எந்தக் காலத்தது? லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று, லேமினேட் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் அட்டைக்குள் இறங்கிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது.

தனுஷ்கோடி என்ற பெயரே பாதி விடை. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான், ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்கு ஆள் கொண்டுபோன போட் மெயில் அங்கே போனது. அதற்கு முன் கொழும்புப் பயணிகள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடித் தடமும் பியரும் அழிந்தன. ஆக, உங்கள் டிக்கெட் இந்த ஐம்பது ஆண்டுக்குள் வருகிறது.

அடுத்து ரயில்வேயின் பெயரைப் பாருங்கள். எஸ்.ஐ.ஆர். (சவுத் இந்தியன் ரயில்வே) என்றிருந்தால் 1951 ஏப்ரல் 14-க்கு முந்தியது. அன்றுதான் தெற்கு ரயில்வே உருவானது. பழைய அட்டைக்கட்டு தீரும்வரை கொடுத்திருக்கவும் கூடும், அதனால் ஓரிரு ஆண்டு தள்ளியே கணக்கிடுங்கள். கட்டணம் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன், நயா பைசா என்றால் அதற்குப் பின். இந்தக் கணக்கு இந்தியப் பக்கம் கொடுத்த டிக்கெட்டுக்கு மட்டுமே சரிவரும். இலங்கையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ரூபாய், சதம் வந்துவிட்டதால், தலைமன்னாரில் கொடுத்த டிக்கெட்டில் சதத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தேதி முழுதாகப் போயிருக்காது. கவுன்டரில் இருந்த தேதிப் பொறி அட்டையின் ஓரத்தில் அழுத்திக் குத்தும். மை மங்கினாலும் பள்ளம் நிற்கும். இருட்டறையில் செல்போன் டார்ச்சை அட்டையோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து, நாலு பக்கமிருந்தும் ஒளி விட்டுப் படமெடுங்கள். பென்சில் தேய்ப்பதோ ஈரத்துணியால் துடைப்பதோ கூடாது, பள்ளமே மழுங்கிவிடும்.

டிக்கெட்டில் இரண்டு ஊரும் இருந்தாலும், தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்கு ரயில் கடலைத் தாண்டியதில்லை. இங்கே மீட்டர் கேஜ், அங்கே ஐந்தரை அடி அகலப்பாதை. நடுவில் சுமார் 35 கி.மீ. கப்பல் பயணம்.

குடும்பத்தில் சொல்லும் கதையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் பற்றி இரு நாடுகளும் செய்த 1964 அக்டோபர் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களில் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில். உங்கள் வீட்டார் அப்படி வந்தவர்கள் என்றால், இந்த டிக்கெட் அந்தப் பயணத்துடையது அல்ல. அதற்கு முன்னால் யாரோ போய்வந்தது.

நம் கடற்கரை உப்புக்காற்றுக்கு அட்டை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை அட்டையில் படாமல் உள்ளே போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பிவிசி ஆல்பம் உறை ஆகாது, நாளடைவில் அச்சு அதில் ஒட்டிக்கொள்ளும்.