டெக்சாஸில் வீடு புகுந்தவனைச் சுடலாமா? சட்டம் எதுவரை துணை நிற்கும்

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்துவிட்டது. 14 வயதில் ஒரு பையன், 9 வயதில் ஒரு பெண். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்த பிறகு முறைப்படி ஒரு பிஸ்டல் வாங்கினேன். "டெக்சாஸில் உன் இடத்தில் எவன் கால் வைத்தாலும் சுடலாம், கேஸே வராது" என்கிறார்கள் ஆபீஸ் நண்பர்கள். உண்மையா? ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் என் தம்பியும் எங்களோடுதான் தங்கியிருக்கிறான். நான் ஊருக்குப் போகும்போது துப்பாக்கியை அவன் பொறுப்பில் விட்டுப் போகலாமா?

பதில்:

உண்மை இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதை நம்பி யாராவது சுட்டால் ஒரு உயிரும் போகும், சுட்டவரின் வாழ்க்கையும் போகும். தம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அங்கேயும் பதில் "கூடாது"தான், அதில் இருக்கும் ஆபத்து உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயம்தான் இதற்கு அடிப்படை. அதில் 9.32-ஆம் பிரிவு உயிரைக் காக்க உயிர்போகும் அளவு பலத்தைப் பயன்படுத்துவது பற்றியது. எதிராளி உங்களைக் கொல்லும் அளவு தாக்குகிறான், அல்லது கொலை, கொள்ளை, ஆள்கடத்தல், பாலியல் வன்கொடுமை போன்றவற்றைச் செய்யப்போகிறான், அதைத் தடுக்க அந்த நொடியில் இதைத் தவிர வேறு வழியில்லை என்று நீங்கள் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். நியாயமாக என்பதை அளப்பது உங்கள் பயத்தை வைத்து அல்ல. அதே சூழ்நிலையில் நிதானமுள்ள ஒரு சாதாரண மனிதர் அப்படி நம்பியிருப்பாரா என்றுதான் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, பார்க்கும்.

2007 செப்டம்பர் 1 முதல் இந்தச் சட்டத்தில் வீட்டுக்காரருக்குச் சாதகமாக ஒரு பெரிய மாற்றம் வந்தது. உங்கள் நண்பர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டது இதைத்தான். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குள், ஆள் இருக்கும்போது, ஒருவன் சட்டவிரோதமாகவும் பலவந்தமாகவும் நுழைந்தால் அல்லது நுழைய முயன்றால், சுட வேண்டிய அவசியம் இருந்தது என்ற உங்கள் நம்பிக்கை நியாயமானதுதான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். நீங்கள் உள்ளே இருக்கும் காருக்கும், வேலை செய்யும் கடைக்கும் அலுவலகத்துக்கும் இதே விதிதான். அங்கே இருக்க உங்களுக்கு உரிமை இருக்கும்வரை பின்வாங்கி ஓட வேண்டிய கடமையும் கிடையாது. ஆனால் நீங்களாக அவனைச் சீண்டியிருக்கக் கூடாது, அந்த நேரத்தில் நீங்களே குற்றம் எதுவும் செய்துகொண்டிருக்கக் கூடாது. சின்ன டிராஃபிக் மீறல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

'பலவந்தமாக' என்ற நிபந்தனையைப் பலர் கவனிப்பதே இல்லை. கதவை உடைக்கிறான், ஜன்னல் கண்ணாடியை நொறுக்குகிறான் என்றால் சந்தேகமே இல்லை. புல்வெளியில் நடக்கிறவன், டிரைவ்வேயில் காரைத் திருப்புகிறவன், பேக்யார்டு வேலியைத் தாண்டிப் பந்து எடுக்க வந்த பையன், ராத்திரி பதினோரு மணிக்குத் தப்பான வீட்டில் பெல் அடிக்கும் டெலிவரி ஆள், இவர்கள் யாரும் அதற்குள் வரமாட்டார்கள். வெறும் அத்துமீறலைத் தடுக்க 9.41-ஆம் பிரிவு ஓரளவு பலத்தை அனுமதிக்கிறது, துப்பாக்கிச் சூட்டை அனுமதிக்கவில்லை.

சட்டம் தரும் இந்தச் சாதகம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை உங்கள் டல்லாஸிலேயே நடந்த வழக்கில் பார்க்கலாம். 2018 செப்டம்பர் 6 இரவு, டல்லாஸ் போலீஸ் அதிகாரி ஆம்பர் கைகர் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வீடு திரும்பினார். மூன்றாவது மாடியில் இருந்த தன் வீடு என்று நினைத்து, நேர் மேலே நான்காவது மாடி வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே இருந்தவர் அந்த வீட்டுக்காரரான போத்தம் ஜான், 26 வயது கணக்காளர், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருடன் என்று நினைத்துச் சுட்டேன், உயிருக்குப் பயந்தேன் என்று கைகர் சாட்சி சொன்னார். வீட்டுக்காரருக்கான அந்தப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்துமா என்று பரிசீலிக்க நீதிபதி ஜூரிக்கு அனுமதியும் கொடுத்தார். 2019 அக்டோபரில் ஜூரி கொலைக் குற்றம் என்றே தீர்ப்பளித்தது, 10 ஆண்டு சிறை. மேல்முறையீட்டிலும் தோற்றார். துப்பாக்கிப் பயிற்சி பெற்ற ஒரு போலீஸ்காரருக்கே, "பயந்துவிட்டேன், என் வீடு என்று நினைத்தேன்" என்பது போதவில்லை. போத்தம் ஜான் செய்த ஒரே காரியம் தன் வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்திருந்தது. இந்த வழக்கைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

சரி, பொருளைக் காக்கச் சுடலாமா? இங்கேதான் டெக்சாஸ் மற்ற பெரும்பாலான மாநிலங்களிலிருந்து விலகி நிற்கிறது, நண்பர்கள் பேச்சிலும் கொஞ்சம் உண்மை கலக்கிறது. 9.42-ஆம் பிரிவின்படி வீடு புகுதல், கொள்ளை, தீவைப்பு, இரவு நேரத் திருட்டு, இரவு நேரச் சொத்துச் சேதம் இவற்றைத் தடுக்கவும், வீடு புகுந்தோ கொள்ளையடித்தோ இரவில் திருடியோ பொருளோடு உடனே ஓடுகிறவனை நிறுத்தவும் உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தலாம். இதோடு நின்றுவிட்டால் நண்பர்கள் சொல்வது சரி போலத் தோன்றும். ஆனால் அதே பிரிவில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது: அந்தப் பொருளைக் காக்கவோ திரும்பப் பெறவோ வேறு எந்த வழியும் இல்லை, அல்லது குறைந்த பலத்தைப் பயன்படுத்தினால் உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ பெரிய ஆபத்து என்று நீங்கள் நியாயமாக நம்பியிருக்க வேண்டும். வீட்டுக்குள் ஆள் புகும்போது சட்டமே உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளும் சாதகம் இங்கே கிடையாது. காரில் ஜிபிஎஸ் இருந்ததா, கேமராவில் முகம் பதிந்ததா, போலீஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொன்றாக அலசுவார்கள்.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஜோ ஹார்ன். 2007 நவம்பரில், ஹூஸ்டன் அருகே பாசடீனாவில், பட்டப்பகலில் பக்கத்து வீட்டில் திருடிவிட்டு வெளியே வந்த இரண்டு பேரை அவர் ஷாட்கன்னால் சுட்டுக் கொன்றார். வெளியே போகாதீர்கள் என்று 911 அவசர உதவி ஊழியர் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கவில்லை. 2008 ஜூன் 30 அன்று கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முதலில் முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு, குற்றம் சாட்ட மறுத்தது. "பார்த்தீர்களா, அவரையே விட்டுவிட்டார்கள்" என்று இதை ஒரு அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போல), ஒரு கிராண்ட் ஜூரியில் உட்கார்ந்திருந்த சிலர் எடுத்த முடிவு, அடுத்த வழக்கைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. அந்த முடிவு வரும்வரை ஏழு மாதத்துக்கு மேல் அவர் காத்திருந்தார். அதோடு இரண்டு உயிர் போயிருந்தது, ஒரு திருட்டுக்காக. டெக்சாஸ் சட்டம் பொருளுக்காகச் சுட இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான், ஆனாலும் என்னிடம் கேட்கிறவர்களிடம் அந்தப் பிரிவு இல்லாதது போலவே நடந்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். டிவியும் நகையும் போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது.

ஆபத்து முடிந்த பிறகு சுடுவதும், ஆபத்தை வரவழைத்துச் சுடுவதும் தற்காப்பே அல்ல. மின்னசோட்டாவின் லிட்டில் ஃபால்ஸ் ஊரில் 2012-ல் நன்றி தெரிவிக்கும் நாளன்று பைரன் ஸ்மித் என்பவர் வீட்டுக்குள் புகுந்த இரண்டு பதின்வயதினரைச் சுட்டார். உண்மையிலேயே வீடு புகுந்தவர்கள்தான், ஆனால் விழுந்த பிறகும் சுட்டார், அவரே ஓடவிட்டிருந்த ஒலிப்பதிவில் எல்லாம் பதிந்திருந்தது. பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. மொன்டானாவின் மிசூலாவில் 2014-ல் ஒருவர் வேண்டுமென்றே கராஜ் கதவைத் திறந்துபோட்டுக் காத்திருந்து, உள்ளே வந்த 17 வயது ஜெர்மன் மாணவனைச் சுட்டார், 70 ஆண்டு கிடைத்தது. அவை வேறு மாநிலங்கள், சட்டத்தின் வரிகள் வேறு. ஆனால் சுட்ட நொடியில் அவசியம் இருந்ததா என்ற கேள்வி அங்கேயும் டெக்சாஸிலும் ஒன்றுதான்.

"எச்சரிக்கைக்கு வானத்தை நோக்கி ஒரு வெடி" என்பதையும் செய்யாதீர்கள். துப்பாக்கியைக் காட்டி மிரட்டுவது, சுட அல்ல, தேவைப்பட்டால் சுடுவேன் என்று உணர்த்த மட்டும் என்றால், 9.04-ஆம் பிரிவின்படி உயிர்போகும் பலமாகக் கருதப்படாது. அதுவும் பலம் பயன்படுத்துவதே நியாயமாக இருக்கும் சூழலில் மட்டும். தோட்டா வெளியே வந்துவிட்டால் கதை வேறு. அது பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைத்துக் குழந்தைக்குக் காயம் ஆனால், திருடனைச் சுட உங்களுக்கு உரிமை இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வருவார்கள் அல்லவா? நேர வித்தியாசத்தில் தூக்கம் வராமல் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து பின்கதவைத் திறப்பார்கள், சமையலறையில் விளக்குப் போடாமல் நடப்பார்கள். பையன் ராத்திரி சத்தம் காட்டாமல் கீழே இறங்குவான். நீங்கள் கேட்கும் சத்தத்துக்குப் பெரும்பாலும் இவர்கள்தான் காரணமாக இருப்பார்கள். அதனால் சத்தம் கேட்டதும் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிவராதீர்கள். எல்லோரும் ஒரே அறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆட்களை எண்ணிவிட்டு 911-ஐ அழையுங்கள், "போலீஸ் வருகிறது, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று உரக்கச் சொல்லுங்கள். பின்வாங்கும் கடமை இல்லாத மாநிலத்தில் ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். அந்தப் பூட்டிய கதவையும் உடைத்துக்கொண்டு ஒருவன் வந்தால், யாரைச் சுடுகிறோம் என்ற குழப்பம் உங்களுக்கு இருக்காது, நீங்கள் ஏன் சுட்டீர்கள் என்ற குழப்பம் ஜூரிக்கும் இருக்காது.

போலீஸ் வரும்போது துப்பாக்கி உங்கள் கையில் இருக்கக் கூடாது, வெறும் கை தெரிய நில்லுங்கள். யார் புகுந்தான், யாருக்கு அடி, உங்கள் பெயர் என்ன, இவ்வளவு சொல்லிவிட்டு, மீதியை வக்கீல் வந்த பிறகு பேசுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பதற்றத்தில் நம் ஆட்கள் நிறையப் பேசிவிடுகிறார்கள், நொடிக்கணக்கு, தூரம் எல்லாம் தப்பாகச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் பொய் சொன்னதாக நிற்கும்.

உங்கள் பையனுக்கு 14, பெண்ணுக்கு 9. அதே தண்டனைச் சட்டத்தின் 46.13-ஆம் பிரிவுப்படி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் குண்டு போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக விட்டால் அது குற்றம். வெடித்து யாராவது இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ ஓராண்டு வரை சிறை. சட்டம் கிடக்கட்டும், பிள்ளைகளுக்காகவே பெட்டகம் வாங்குங்கள், தலையணைக்கு அடியிலோ பீரோவிலோ வேண்டாம்.

தம்பி விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 (மாணவர்), பி-2 (சுற்றுலா) போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். மாநிலம் தரும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, உங்கள் தம்பிக்கு அப்படி ஒன்று இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. 2022-க்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை. கையில் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை, பெட்டகத்தின் ரகசிய எண் அவனுக்குத் தெரியும், அவன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றாலே அரசுத் தரப்பு அதை வைத்திருந்ததாக வாதிடலாம். விசா நிலை தெரிந்தே அவனிடம் ஒப்படைத்தால் கேஸ் உங்கள் மேலும் வரும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தும் நாடு கடத்த அதுவே காரணமாகலாம். உயிர் போகும் நொடியில் ஒருவன் கையில் கிடைத்ததை எடுத்தான் என்பது வேறு வாதம், அதை நம்பி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியாது.

ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன் பெட்டகத்தின் எண்ணை மாற்றிவிடுங்கள், அது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவரும் உங்களோடு வருகிறார் என்றால், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ள நண்பர் வீட்டில், அல்லது பாதுகாத்துத் தரும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை பக்கத்தில் இருந்தால் அங்கே, ரசீதோடு ஒப்படைத்துவிட்டுப் போங்கள். தம்பிக்கு நல்ல பூட்டும் அலாரமும் 911 எண்ணும் போதும்.