கலிஃபோர்னியாவில் வேலையின்மைக் காப்பீட்டை மறுத்துவிட்டார்கள். அப்பீல் செய்தால் பலன் உண்டா?

உண்டு. எனக்குக் கிடைத்தது. கடிதத்தைப் பார்த்து மனம் உடைந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். அந்தக் கடிதம் தபாலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. பெரிய மனு எதுவும் வேண்டாம், "இந்த முடிவை ஏற்கவில்லை, காரணம் இது" என்று நாலு வரி போதும்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம். அப்பீல் நடக்கும்போதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சர்ட்டிஃபை செய்வதை நிறுத்தக் கூடாது. வேலை தேடினேன், வேலைக்குத் தயாராக இருந்தேன் என்று அந்தந்த வாரத்துக்குச் சொல்லி வந்தால்தான், ஜெயித்த பிறகு அந்த வாரங்களின் பணம் சேர்ந்து வரும். "மறுத்துவிட்டார்களே, இனி எதற்கு" என்று நான் விட்டுவிட இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் திட்டிச் செய்ய வைத்தார்.

நான் ஒரு நிறுவனத்தில் பில்லிங் பார்த்தேன். பில்களில் தவறு வந்தது என்று நீக்கினார்கள். நான் விதியை மீறி நடந்துகொண்டதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: வேலை சரியாக வராதது வேறு, வேண்டுமென்றே முதலாளியின் நலனுக்கு எதிராக நடப்பது வேறு. இரண்டாவதுதான் பணத்தை மறுக்கக் காரணம். அதை நிரூபிக்கும் பொறுப்பும் நீக்கிய நிறுவனத்துடையது. (நீங்களாக ராஜினாமா செய்திருந்தால் கதை வேறு. தக்க காரணம் இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.)

விசாரணை பெரும்பாலும் தொலைபேசியில்தான். நிர்வாகச் சட்ட நீதிபதி ஒருவர் சத்தியம் வாங்கிக்கொண்டு இரு தரப்பையும் கேட்பார். என் தவறுகளை நேரில் பார்த்தவர் யாரும் நிறுவனத்தின் பக்கம் பேசவில்லை. ஹெச்.ஆர். மட்டும் வந்திருந்தார். "முன்பே எச்சரித்தீர்களா?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நான் மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல்களை நாள் வாரியாக அடுக்கி முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். வக்கீல் வைக்கவில்லை. ஆங்கிலம் தடுமாறினால் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், தயங்காதீர்கள்.

தொகையைப் பொறுத்தவரை வாரத்துக்கு 40 முதல் 450 டாலர் வரை, சாதாரணமாக அதிகபட்சம் 26 வாரம். இந்த ஊர் வாடகைக்குப் பத்தாது, ஆனாலும் அது உங்கள் உரிமை. இதற்கான வரியை முதலாளிகள்தான் கட்டுகிறார்கள். சம்பளச் சீட்டில் நம்மிடம் பிடிக்கும் எஸ்.டி.ஐ. உடல்நலக் குறைவுக்கான வேறு காப்பீடு. கை நீட்டி வாங்குகிறோமே என்று கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. கூட்டரசுக்கு இதில் வருமான வரி உண்டு, அதற்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

இந்த விசாரணையிலும் தோற்றால், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக இன்னொரு 30 நாள் இருக்கிறது. எச்1பி விசாவில் இருந்தால் மட்டும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிரீன் கார்டில் இருந்தேன்.