கால் முழுக்கத் தடிப்பு: கடித்தது கொசுவா, மணல் ஈயா?

கேள்வி: போன ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமானில் ஹேவ்லாக் போய் வந்தோம். கொசு விரட்டி கிரீம் தடவியும் எனக்கும் மகளுக்கும் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சிவப்புத் தடிப்பு. ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகியும் அரிப்பு அடங்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி போகிறோம். மகளுக்கு 6 வயது. இந்த முறை 5 மாதக் கைக்குழந்தையும் உடன் வருகிறது. என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

பதில்: உங்களைக் கடித்தது பெரும்பாலும் கொசு இல்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும், கொத்துக் கொத்தாக, கடித்த பூச்சி கண்ணில் படாமல், அரிப்பு வாரக்கணக்கில் என்றால் அது அங்கே எல்லோரும் ‘சாண்ட்ஃபிளை’ என்று சொல்லும் பூச்சி. பெயர் மணல் ஈ என்றாலும், காலா அசார் நோயைப் பரப்பும் அசல் மணல் ஈ வேறு. அது மண்சுவர் விரிசல்களில் வாழ்வது. கடற்கரையில் கடிப்பது கியூலிகாய்டிஸ் என்ற பொடி ஈ. நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். அலையாத்திக் காட்டுச் சேற்றிலும் ஈர மணலிலும் பெருகுகிறது. டெங்கு, மலேரியா இதனால் பரவாது. தொல்லை எல்லாம் அரிப்புதான்.

ஆள் யார் என்று தெரிந்தால்தான் தடுக்க வழி தெரியும். இந்த ஈக்குப் பறக்கும் பலம் குறைவு. காற்று வீசினால் தரையோடு ஒண்டிக்கொள்ளும். காற்று ஓய்ந்த விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அதன் வேட்டை நேரம். கடல் வற்றி ஈர மணல் வெளியே தெரியும் வேளையில் அந்தி சூரியனைப் பார்க்கத் துண்டை விரித்து உட்கார்கிறோமே, அதைவிட நல்ல விருந்து அதற்குக் கிடையாது. உட்காருவதானால் நாற்காலியில், காற்று வரும் பக்கமாக, ஒதுங்கிய கடற்பாசிக் குவியலுக்கும் அலையாத்தி மரங்களுக்கும் தள்ளி உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் முழுக்கால் பேண்ட்டும் சாக்ஸும் போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கடற்கரையில் சாக்ஸா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அறையிலும் காற்றுதான் காவல். சாதாரணக் கொசுவலையில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 156 கண்கள் இருக்கும். கொசுவுக்கு அது போதும், பொடி ஈ அதில் நுழைந்துவிடும். அதனால் வலைக்குள் படுத்தாலும் மின்விசிறி முழு வேகத்தில் ஓட வேண்டும். ஏசி அறை என்றால் மாலை 4 மணிக்கே ஜன்னல்களை மூடிவிடுங்கள். மின்சாரம் போனால் சமாளிக்க, சார்ஜ் செய்யும் சிறிய விசிறி ஒன்று கூடவே இருக்கட்டும்.

கிரீம் ஏன் கைகொடுக்கவில்லை? வழக்கமாக நடப்பது இதுதான்: கிரீமைப் பூசி அதன்மேல் சன்ஸ்கிரீன் பூசுவது, கடலில் இறங்கி எழுந்தபின் மறுபடி பூசாதது, காலில் நாலு பொட்டு வைத்துத் தேய்த்துவிட்டுப் போவது. பூசாத விரல் அகலத்தைக்கூட அந்த ஈ கண்டுபிடித்துவிடும். முதலில் சன்ஸ்கிரீன்; அது உறிந்த பின், 15–20 நிமிடம் கழித்து விரட்டி. கால்விரல் இடுக்கு, பாதத்தின் ஓரம், குதிகால் நரம்பின் பின்பக்கம் எதையும் விடக்கூடாது. இரண்டும் கலந்த ஒரே டியூப் வேண்டாம்: சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொருமுறை பூச வேண்டும், விரட்டியை அப்படிப் பூசக்கூடாது.

வாங்கும்போது அட்டையில் மருந்தின் அளவைப் படியுங்கள். டீட் (DEET) என்ற விரட்டி மருந்து 10% என்றால் ஏறக்குறைய 2 மணி நேரம், 30% என்றால் 5 மணி நேரம் தாங்கும். பிக்காரிடின் 20% கிடைத்தால் இன்னும் நல்லது. பொடி ஈக்கும் கேட்கும், பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. டீட் பட்டால் கூலிங் கிளாஸ், கைக்கடிகாரத்தின் கண்ணாடி எல்லாம் மங்கிவிடும். வேப்பெண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெய் கொஞ்ச நேரம் தாங்கும். அதை நம்பி மாலை முழுக்க வெளியே இருக்க முடியாது. மொபைலில் ‘கொசு விரட்டும் ஒலி’ எழுப்பும் செயலி வெறும் ஏமாற்று.

மகளுக்கு நீங்கள் உங்கள் உள்ளங்கையில் எடுத்துப் பூசிவிடுங்கள். அவள் கையிலோ, கண், வாய் பக்கத்திலோ வேண்டாம். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த விரட்டியும் கூடாது. உங்கள் குழந்தைக்கு 5 மாதம்தான் என்பதால் மருந்தைவிடத் துணியும் வலையும் விசிறியுமே முதல் வழி. கிரீம் பூசலாமா என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும். அந்தி நேரத்தில் குழந்தையை மணலுக்குத் தூக்கிப் போகாமல் இருப்பதே உத்தமம்.

கொசுவை மறந்துவிட வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடுதி முற்றத்தில் கிடக்கும் தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு, ஏசி தண்ணீர் வடியும் வாளி இவைதான் அதன் தொட்டில். அறைக்குள் போனதும் ஒரு சுற்றுப் பார்த்துக் கவிழ்த்துவிடுங்கள்.

கடித்த பிறகு: சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். பிறகு கேலமைன். அரிப்பு கடுமை என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் 1% களிம்பு தினமும் இருமுறை, சில நாட்களுக்கு மட்டும். பெரியவர்கள் இரவில் செடிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போட்டுக்கொள்ளலாம், தூக்கம் வரும். பிள்ளைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேளுங்கள், பாலூட்டும் தாயும் கேட்டுவிட்டே எடுக்கட்டும். சுண்ணாம்பு தடவும் பழக்கம் வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும். மருந்துக் கடையில் அரிப்பு என்றதும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பை எடுத்து நீட்டுவார்கள். அதையும் வாங்காதீர்கள். சொறியாமல் இருக்கப் பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நகம் பட்ட இடத்தில்தான் சீழ் பிடிக்கும். சிவப்பு பரவினாலோ சூடாக வலித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தடிப்பு நீச்சலுடை மறைத்த இடத்தில் மட்டும் இருந்தால் பூச்சியைப் பழிக்காதீர்கள். அது துணிக்குள் சிக்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்) குஞ்சுகளின் வேலை. உடையோடு நல்ல தண்ணீரில் நின்றால் மிச்சமுள்ள கொட்டும் செல்களும் வெடிக்கும். முதலில் உடையைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள். காலையில் எழும்போது முதுகில் வரிசையாகத் தடிப்பு இருந்தால் மெத்தை ஓரத்தைத் தூக்கி மூட்டைப்பூச்சி தேடுங்கள்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள்; டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். அந்தமான் போய் வந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். முதல் 5 நாளுக்குள் என்றால் டெங்குவுக்கு என்.எஸ்.1 பரிசோதனை, கூடவே மலேரியாவுக்கு ரத்தப் பூச்சு. மலேரியா சில சமயம் மாதக்கணக்கில் தாமதித்தும் தலைகாட்டும் என்பதால், பிந்தி வரும் காய்ச்சலுக்கும் பயணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.